காணி உறுதியை எடுக்க முதல்: ஒரு வரி முதுமாணியும் ஒரு விண்வெளி முதுமாணியும்

வணக்கம் அக்கா,

முள்ளியவளைக் காணி ஒன்றுதான் கையில் இருக்கிறது, அதை மகளின் மேற்படிப்புக்கு ஈடு வைப்பதா, மகனுக்கு வைப்பதா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு பேருக்கும் வைக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். காரணம் சற்று நீளம், ஆறுதலாக வாசியுங்கள்.

வெளிநாட்டு முதுமாணி என்றதும் எங்கள் ஆட்கள் முதலில் பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேட்பார்கள், அடுத்தது கட்டணம். நான் வேறொன்றைக் கேட்பேன். படித்து முடித்த பிறகு அந்தத் தொழிலைச் செய்ய யார் அனுமதி தருகிறார்கள்? அந்த அனுமதி எந்த நாட்டில் செல்லும்? உங்கள் பிள்ளைகள் இருவரும் பிடித்திருக்கும் துறைகள் இந்தக் கேள்வியில் நேரெதிராக நிற்கின்றன.

மகளின் விஷயத்தை முதலில் பார்ப்போம். வவுனியாப் பல்கலைக்கழகத்தில் நிதியும் கணக்கியலும் முடித்திருக்கிறா. இப்போது அமெரிக்காவிலோ பிரித்தானியாவிலோ ஒரு வருட வரித்துறை முதுமாணி செய்ய ஆசைப்படுகிறா. வரி என்பது ஒவ்வொரு நாட்டினதும் சட்டம். இங்கே 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் நடக்கிறது. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை ஒரு வரியாண்டு. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். அமெரிக்க வகுப்பறையில் இதில் எதுவும் வராது. அங்கே அவர்களுடைய சட்டக்கோவையைத்தான் பக்கம் பக்கமாகப் படிப்பார்கள். அதைப் படித்துவிட்டு அங்கேயே நிற்க முடிந்தால் சரி. திரும்பி வந்தால் கிளிநொச்சியில் அரிசி ஆலை வைத்திருப்பவருக்கும் வவுனியாவில் ஹார்ட்வெயார் நடத்துபவருக்கும் அந்தப் படிப்பு உதவாது. நாடுகளுக்கிடையிலான இரட்டை வரி ஒப்பந்தங்கள் போன்ற சில பகுதிகள் மட்டும் எங்கேயும் பயன்படும்.

அங்கேயே நிற்பதும் அவ்வளவு லேசில்லை. அமெரிக்காவில் மாணவர் விசாவில் படித்தவருக்கு, படித்த துறையில் வேலை செய்து பழகப் பொதுவாக 12 மாதம் கொடுப்பார்கள். விஞ்ஞான, தொழில்நுட்பப் பட்டியலில் உள்ள துறையென்றால் இன்னும் 24 மாதம் கேட்கலாம். வழக்கமான கணக்கியல், வரி முதுமாணிகள் அந்தப் பட்டியலில் இல்லை. அதோடு, இப்படியான ஒரு வருடப் படிப்புகளுக்கு உதவித்தொகையும் குறைவு. செலவு முழுவதும் உங்கள் தலையில்தான்.

கணக்கியல் வரியைவிடக் கொஞ்சம் பயணப்படும். இலங்கை 2012இலிருந்து சர்வதேச நிதி அறிக்கையிடல் நியமங்களை ஒட்டித்தான் கணக்கு எழுதுகிறது. பிரித்தானியா, அவுஸ்திரேலியா, வளைகுடா எல்லாம் அதே வழிதான். அமெரிக்கா மட்டும் தன் கம்பனிகளுக்குத் தனி நியமம் வைத்திருக்கிறது. ஆனால் இந்தத் தொழிலில் கதவைத் திறப்பது முதுமாணிப் பட்டமல்ல, தொழில்முறைத் தகைமை. ஆகவே மகளுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகத்தில் பதியட்டும். தன் பட்டத்துக்கு எந்தெந்தப் பாடங்களில் விலக்குக் கிடைக்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்கட்டும். மூன்று வருடச் செய்முறைப் பயிற்சி இருக்கிறது. அதற்கு யாழ்ப்பாணமோ கொழும்போ போக வேண்டி வரலாம். பயிற்சிக் கொடுப்பனவு பெரிதில்லை, கொழும்பில் அறை வாடகைக்கே இழுபடும். ஆனாலும் அது கடன் வாங்கிக் கட்டும் காசில்லையே. வரியில்தான் ஆசையென்றால் பயிற்சியை வரிப் பிரிவில் கேட்டு எடுக்கலாம். இலங்கைக் கணக்காளர் சேவைப் போட்டிப் பரீட்சை வர்த்தமானியில் வரும்போது அதையும் தவற விட வேண்டாம், தமிழிலேயே எழுதலாம். முதுமாணி அதன் பிறகு, சம்பளம் வரும் காலத்தில், வார இறுதி வகுப்பாக நாட்டிலேயே படித்துக்கொள்ளட்டும்.

"பொம்பிளைப் பிள்ளை, இனிக் கலியாணமும் இருக்கு" என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம் அக்கா. நான் வெளிநாடு வேண்டாம் என்பது படிப்பின் தன்மையைப் பார்த்துத்தான். மகன் இதே படிப்பைக் கேட்டிருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பேன்.

இனி மகன். கிளிநொச்சி அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் மின், இலத்திரனியல் பொறியியல் இறுதி வருடம். கனவு விண்வெளிப் பொறியியல். வானத்தில் சத்தம் கேட்டால் பதுங்கு குழிக்கு ஓடிய நாங்கள் பெற்ற பிள்ளை, இப்போது செய்மதி செய்யப் போகிறேன் என்கிறான். எனக்கு அதில் தனிச் சந்தோஷம். ஆனால் சந்தோஷத்தை வைத்து ஆலோசனை சொல்ல முடியாது.

பொறியியல் அறிவு எல்லை பார்க்காது. ஓமின் விதி முள்ளியவளையிலும் மொன்றியலிலும் ஒன்றுதான். வேலைதான் எல்லை பார்க்கும், அதுவும் இந்தத் துறையில் மற்ற எந்தப் பொறியியலையும்விடக் கடுமையாக. ரொக்கெட், செய்மதியின் சில பாகங்கள், போர் விமானம் எல்லாம் அமெரிக்காவில் ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகளுக்குள் வருகின்றன. அந்தத் தொழில்நுட்பத்தை அந்த நாட்டுப் பிரஜை, நிரந்தர வதிவிடம் உள்ளவர், அகதி அந்தஸ்துப் பெற்றவர் போன்றோரிடம் மட்டுமே சாதாரணமாகக் காட்டலாம். மற்றவர்களுக்குக் காட்ட அரசின் உரிமம் வேண்டும். எந்தக் கம்பனி ஒரு புதுப் பட்டதாரிக்காக அவ்வளவு மினக்கெடும்? நாசாவின் நிரந்தரப் பதவிகளுக்குப் பிரஜாவுரிமை கேட்பார்கள். ஐரோப்பிய விண்வெளி முகவரகம் பெரும்பாலும் தன் உறுப்பு நாட்டவரைத்தான் எடுக்கும். முன்பு சொன்ன 12உம் 24உம் சேர்ந்து அமெரிக்காவில் 36 மாத வேலை அனுமதி கையில் இருந்தும் விண்ணப்பிக்கும் இடமெல்லாம் இதே கேள்வி வந்தால் பிள்ளை சோர்ந்துவிடும். பயணிகள் விமானப் பக்கம் கட்டுப்பாடு குறைவு. அதையும் மனதில் வைக்கச் சொல்லுங்கள்.

மகனுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. மின் பொறியியலில் இருந்து போகும் பிள்ளை இறக்கை, காற்றியக்கம் என்று போனால் காற்று, நீர் போன்ற பாய்மங்களின் இயக்கவியலை அடியிலிருந்து படிக்க வேண்டும். கட்டுப்பாட்டுத் தொகுதி, தொடர்பாடல், சிறு செய்மதி என்று போனால் நேரே உள்ளே போகலாம். அதே அறிவு விண்வெளிக்கு வெளியேயும் விலை போகும். 2019இல் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்ட இலங்கையின் முதல் சிறு செய்மதி ராவணா-1, ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவகத்தில் இலங்கைப் பொறியியலாளர்கள் செய்ததுதான். அங்கே விண்வெளிப் பொறியியலை ஆங்கிலத்தில் படிக்கலாம். ஐ.நா.வின் விண்வெளி அலுவலகமும் ஜப்பான் அரசும் சேர்ந்து, வளரும் நாட்டு மாணவர்களுக்கு அங்கேயே சிறு செய்மதித் துறையில் புலமைப்பரிசில் கொடுக்கின்றன. இது தவிர ஜப்பான் தூதரகத்தின் வழியாக வரும் அந்த அரசின் மொன்புகாககுஷோ புலமைப்பரிசிலில் கட்டணமும் மாதச் செலவும் சேர்ந்து வரும். என் முதல் தெரிவு இதுதான்.

அடுத்தது கனடா. ஸ்காபரோவில் இருக்கும் உங்கள் தம்பி "இங்க அனுப்பு" என்று சொல்வது நல்ல மனது. ஆனால் எந்தப் பட்டத்துக்கு என்பதை அவர் கவனிக்கவில்லை. ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்தின் விண்வெளி ஆய்வு நிறுவகத்தில் இரண்டு விதமான முதுமாணி உண்டு. எம்.எங். என்பது பாடநெறி, காசு உங்களுடையது. எம்.ஏ.எஸ்ஸி. என்பது ஆய்வு, ஒரு பேராசிரியர் பொறுப்பெடுத்தால் உதவித்தொகை கிடைக்கும். மகன் விண்ணப்பிக்க வேண்டியது இரண்டாவதற்கு. அதற்கு இறுதி வருடச் செயற்றிட்டம் பேச வேண்டும். ஆகவே இந்த வருடம் அவன் ஐ.ஈ.எல்.ரி.எஸ். வகுப்புக்கு ஓடுவதைவிடச் செயற்றிட்டத்தை ஒழுங்காக முடிப்பது முக்கியம். பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சலில் அவருடைய கட்டுரை ஒன்றை உண்மையாகவே வாசித்தது தெரிய வேண்டும். ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்பினால் ஒருவரும் திறக்க மாட்டார்கள்.

ஜேர்மனி இலவசம் என்று ஊரில் ஒரு பேச்சு உலாவுகிறது. பாதிதான் சரி. ஆகன் நகரம் இருக்கும் மாநிலத்தில் கல்விக் கட்டணம் இல்லை. ஸ்ருட்கார்ட் நகரம் இருக்கும் மாநிலத்தில் வெளிநாட்டவருக்கு அரையாண்டுக்கு 1500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலத்திலிருந்து புதிதாகச் சேரும் வெளிநாட்டவரிடம் முதுமாணிக்கு அரையாண்டுக்கு 4000 முதல் 6000 யூரோ வரை கேட்கிறது. கட்டணம் இல்லாத இடத்திலும் விசாவுக்காக ஒரு வருடச் செலவை முடக்கக் கணக்கில், அதாவது மாதத்துக்கு இவ்வளவு என்றுதான் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில், போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டெம்பரிலிருந்து அது 11,904 யூரோ. காணி உறுதி பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வெளியே வருகிறது.

இந்தியாவையும் தள்ளி வைக்க வேண்டாம். இந்திய அரசு இலங்கை மாணவருக்கு முதுமாணிக்கென்றே மௌலானா அசாத் புலமைப்பரிசில் வைத்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் விண்வெளிப் பொறியியல் துறை நல்ல நிலையில் இருக்கிறது.

நீங்கள் போய்ப் பார்த்த ஏஜென்சியைப் பற்றியும் ஒரு சொல். பிள்ளையை அனுப்பினால் பல்கலைக்கழகம் அவர்களுக்குத் தரகு கொடுக்கும், அந்தத் தரகு கட்டணத்தில் இருந்துதான் வரும். அதனால் உதவித்தொகையோடு போகும் வழியை அவர்கள் எடுத்துச் சொல்ல மாட்டார்கள். அது அவர்கள் வியாபாரம், குறை சொல்ல ஒன்றுமில்லை. முற்பணம் மட்டும் கட்டிவிடாதீர்கள்.

மகனிடம் இரண்டு வேலை சொல்லுங்கள். தன் கற்கைநெறிக்கு இலங்கைப் பொறியியலாளர் நிறுவகத்தின் அங்கீகாரம் எந்த ஆண்டிலிருந்து என்று பீடத்தில் கேட்டு வரட்டும். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கை 2014இலிருந்து இருப்பதால் அந்த அங்கீகாரம் வெளிநாட்டிலும் செல்லும். மற்றது, பெறுபேற்றுத் தாளையும் செயற்றிட்ட முன்மொழிவையும் எனக்கு அனுப்பட்டும். மகள் பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் விலக்குப் பதில் கையில் வந்ததும் எழுதட்டும். எந்தப் பரீட்சையில் தொடங்குவது என்று அப்போது பேசுவோம்.