பழைய காரின் ஹீட்டர் ஏன் சூடாகவில்லை: கனடாவுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பி, கோயம்புத்தூரிலிருந்து டொராண்டோவின் ஸ்கார்பரோவுக்கு வந்து முதல் குளிர்காலத்தைப் பார்க்கும் நீங்கள், பழையதாக வாங்கிய 2006ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலாவில் ஹீட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சாலையில் ஓடும்போது வெதுவெதுப்பாக வரும் காற்று, சிக்னலில் நின்ற சிறிது நேரத்தில் குளிர்ந்துவிடுகிறது என்றும், வெப்பநிலை முள் மட்டும் எப்போதும் நடுவிலேயே நிற்கிறது என்றும் சொல்கிறீர்கள். உடன் தங்கியிருப்பவர்கள், பழைய வண்டி என்றால் அப்படித்தான், இன்னொரு ஸ்வெட்டரைப் போட்டுக்கொள் என்கிறார்கள். ஒரு ஒர்க்‌ஷாப்பிலோ வண்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர் கோர் என்ற பாகத்தையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இவற்றில் எதை நம்புவது என்பது உங்கள் கேள்வி. இரண்டையும் இப்போதைக்கு நம்ப வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறி, குளிரைப் பொறுத்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று விடத்தக்கது அன்று. அதே சமயம், டாஷ்போர்டைக் கழற்றிப் பெருஞ்செலவு செய்வதற்கு முன் பார்க்க வேண்டிய எளிய காரியங்கள் பல இருக்கின்றன.

நம் ஊரில் காருக்குள் ஏசியைத்தான் அறிவோம்; ஹீட்டரின் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்ப வேண்டிய தேவையே பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை. ஆகவே அது எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய பெட்ரோல் காரில் ஹீட்டருக்கென்று தனியான அடுப்பு எதுவும் கிடையாது. என்ஜினைச் சுற்றி ஓடி அதன் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் கூலன்ட் என்ற திரவத்தில் ஒரு பகுதி, இரண்டு ரப்பர் ஹோஸ்கள் வழியாக டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் சிறிய ரேடியேட்டர் ஒன்றுக்குள் போய்த் திரும்புகிறது. அதைத்தான் ஹீட்டர் கோர் என்கிறார்கள். ஒரு தடித்த அகராதியின் அளவுதான் இருக்கும். அதன் ஊடாக ஃபேன் ஊதும் காற்றே சூடாகி உங்கள் காலுக்கும் கண்ணாடிக்கும் வருகிறது. கூலன்ட் சுமார் 82 பாகை செல்சியஸை எட்டும் வரை, முன்னால் இருக்கும் பெரிய ரேடியேட்டருக்கு அதைப் போகவிடாமல் தெர்மோஸ்டாட் என்ற வால்வு மூடியிருப்பதால், என்ஜினும் ஹீட்டரும் விரைவாகச் சூடாகின்றன. ஆகவே காற்று சூடாக வரவில்லை என்றால், என்ஜினே சூடாகவில்லையா, சூடான கூலன்ட் ஹீட்டர் கோருக்குப் போய்ச் சேரவில்லையா, அல்லது ஹீட்டர் கோர் சூடாக இருந்தும் காற்று அதன் வழியாக வரவில்லையா என்று மூன்று இடங்களில் தேட வேண்டும்.

உங்கள் முள் நடுவில் நிற்பதால் முதல் காரணத்தைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். வண்டி ஓடும்போது சூடும் நிற்கும்போது குளிரும் வருவது, பெரும்பாலும் கூலன்ட் குறைந்துவிட்டது அல்லது அதன் பாதையில் காற்று அடைத்துக்கொண்டது என்பதையே காட்டும். என்ஜின் வேகமாகச் சுழலும்போது வாட்டர் பம்ப்பும் வேகமாகச் சுழன்று, இருக்கிற கூலன்டை ஹீட்டர் கோர் வரை தள்ளிவிடுகிறது. சிக்னலில் பம்ப்பின் வேகம் குறைந்தவுடன், பாதையின் மேடான பகுதியில் தங்கியிருக்கும் காற்றைத் தாண்டிக் கூலன்டால் போக முடிவதில்லை. முள் நடுவில் நிற்பதை மட்டும் வைத்து என்ஜின் நலமாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடாதீர்கள். பல கார்களில் அந்த முள் சிறிய மாற்றங்களைக் காட்டாமல், ஒரு பரந்த வெப்ப எல்லைக்குள் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அதன் சென்சாரும் கூலன்டில் மூழ்கியிருந்தால்தான் உண்மையைச் சொல்லும்.

எனவே, இரவு முழுவதும் நிறுத்தியிருந்த வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன் பானெட்டைத் திறந்து, வெள்ளை நிறப் பிளாஸ்டிக் தொட்டியில் கூலன்ட் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையில் இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு நின்றுவிடாமல் ரேடியேட்டர் மூடியையும் திறந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் மூடியோ அதிலிருந்து தொட்டிக்குப் போகும் சிறு குழாயோ கெட்டிருந்தால், தொட்டி நிறைந்திருக்கும்போதே ரேடியேட்டர் குறைந்திருக்கும். குளிர்ந்த என்ஜினில் மூடிக்கு அடியில் கழுத்து வரை கூலன்ட் தெரிய வேண்டும். சூடான என்ஜினில் அந்த மூடியை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள்; உள்ளே இருப்பது அழுத்தத்தின் கீழ் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும் திரவம், மூடி தளர்ந்த கணத்தில் அது கொதித்து முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

குறைந்திருந்தால் எதை ஊற்றுவது என்பதில், நம் ஊர்ப் பழக்கம் ஒன்றை இங்கே அடியோடு விட்டுவிட வேண்டும். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றி ஓட்டுவது கோயம்புத்தூரில் உடனடியாக ஒரு கேடும் செய்துவிடாது. இங்கே தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு ஏறக்குறைய 9 சதவீதம் பெருகி, ரேடியேட்டரையும் என்ஜின் பிளாக்கையுமே பிளந்துவிடக்கூடும். எத்திலீன் கிளைக்காலும் காய்ச்சி வடித்த தண்ணீரும் சரிபாதியாகக் கலந்த கூலன்ட் சுமார் மைனஸ் 37 பாகை வரை உறையாது. டொராண்டோவுக்கு அது தாராளமாகப் போதும். உங்கள் வண்டிக்கு உரியது டொயோட்டாவின் இளஞ்சிவப்பு நிறக் கூலன்ட், ஏற்கெனவே கலந்தே கேனில் கிடைக்கும், அதில் மேற்கொண்டு தண்ணீர் சேர்க்க வேண்டாம். நிறத்தை மட்டும் பார்த்து வாங்காமல், ஆசிய வாகனங்களுக்கு உரியது என்று கேனில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். நிறத்துக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதி இல்லை. முன்பு வைத்திருந்தவர் தண்ணீர் ஊற்றியிருந்தால் வெளியிலிருந்து பார்த்து உங்களால் அறிய முடியாது. கூலன்டை உறிஞ்சி எடுத்து உறைநிலையைக் காட்டும் சிறிய சோதனைக் கருவி கனேடியன் டயர் போன்ற கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது, பழைய வண்டி வாங்கிய ஒவ்வொருவரும் முதல் குளிர்காலத்துக்கு முன்பே அதை வைத்துச் சோதித்துவிடுவது நல்லது. இந்தத் திரவம் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள், அக்கம்பக்கத்துப் பூனையும் நாயும் நக்கிவிட்டால் உயிர் போய்விடும். வடித்ததைச் சாக்கடையில் ஊற்றாமல், மாநகராட்சியின் அபாயக் கழிவு சேகரிப்பு இடத்தில் கொடுத்துவிட வேண்டும்.

ஊற்றி நிரப்பினால் மட்டும் போதாது, அடைத்திருக்கும் காற்றையும் வெளியேற்ற வேண்டும். வண்டியின் முன்பக்கம் சற்று உயரும்படி ஏற்றமான இடத்தில் நிறுத்தி, என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டுக்குத் திருப்பி ஃபேனைக் குறைவாக வையுங்கள். என்ஜின் சூடேறச் சூடேற ரேடியேட்டர் கழுத்தில் குமிழிகள் வரும், கூலன்ட் மட்டம் இறங்கும், இறங்க இறங்க நிதானமாக ஊற்றிக்கொண்டே வாருங்கள். தெர்மோஸ்டாட் திறந்து, முன்பக்க விசிறி ஓடி நின்று, குமிழிகளும் அடங்கிய பிறகு, கூலன்ட் பொங்குவதற்கு முன் மூடியைப் போட்டுவிடலாம். இதைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். குளிருக்குப் பயந்து கராஜின் கதவை மூடிக்கொண்டு என்ஜினை ஓடவிடுவது உயிருக்கே ஆபத்து, கதவைப் பாதி திறந்து வைத்தாலும் கார்பன் மோனாக்சைடு உள்ளே தேங்கும்.

இதற்குப் பிறகு சூடு நன்றாக வரத் தொடங்கினால், நான் மிகவும் கவலையோடு சொல்ல வேண்டிய இடம் அதுதான், ஏனென்றால் அதோடு காரியம் முடிந்துவிட்டது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். மூடிய சுற்றில் ஓடும் கூலன்ட் தானாகக் குறைவதில்லை; குறைந்தது என்றால் எங்கோ போயிருக்கிறது. வண்டி நின்ற இடத்தில் பனியின் மேல் இளஞ்சிவப்புக் கறை இருக்கிறதா, வாட்டர் பம்ப்பைச் சுற்றி அதே நிறத்தில் உப்புப் படிந்ததுபோல் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். காருக்குள் இனிப்பான மணம் வந்து, முன்கண்ணாடியின் உட்புறம் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் பிசுக்கு படிந்து, முன்பக்கப் பயணியின் காலடிக் கம்பளமும் ஈரமாக இருந்தால், ஹீட்டர் கோர் கசிகிறது. அப்போதுதான் அந்த ஒர்க்‌ஷாப் சொன்னது சரியாகும். புகைக்குழாயிலிருந்து என்ஜின் சூடான பிறகும் வெண்புகை இனிப்பு மணத்தோடு வந்தாலோ, எண்ணெய் மூடியின் உட்புறம் பால்நிறமாக இருந்தாலோ, காற்றை வெளியேற்றும்போது குமிழி அடங்காமல் வந்துகொண்டே இருந்தாலோ, என்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பாகத்துக்கும் இடையில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகட்டைச் சந்தேகிக்க வேண்டும். குளிர்காலத்தில் குறைந்த தூரமே ஓட்டும் வண்டியில் எண்ணெய் மூடியில் மட்டும் ஈரத்தால் கொஞ்சம் நுரை படிவதும் உண்டு, அதை ஒன்றை மட்டும் கண்டு கலங்க வேண்டாம். எதுவுமே வெளியில் தெரியாமல் மட்டம் குறைந்துகொண்டே போனால், கூலன்ட் சுற்றுக்கு அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். வாரந்தோறும் ஊற்றி ஊற்றிக் குளிர்காலத்தை ஓட்டிவிடலாம் என்று எண்ணினால், நெடுஞ்சாலை 401இல் போய்க்கொண்டிருக்கும்போது கூலன்ட் இல்லாமல் என்ஜின் கொதித்து, வண்டியே வீணாகிவிடும். கசிவை அடைக்கும் என்று கடைகளில் விற்கும் திரவத்தையும் ஊற்றாதீர்கள், அது கசியும் இடத்தை அடைப்பதற்கு முன்பே ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடக்கூடும்.

கூலன்ட் நிறைவாக இருந்தும் சூடு வரவில்லை என்றால், என்ஜினுக்கும் காரின் உட்புறத்துக்கும் இடையிலான தடுப்புச் சுவரில் நுழையும் இரண்டு ஹீட்டர் ஹோஸ்களைத் தொட்டுப் பார்ப்பதே அடுத்த சோதனை. வண்டி நன்றாகச் சூடான பின், என்ஜினை நிறுத்திவிட்டு, கையுறை அணிந்து ஒரு கணம் மட்டும் தொடுங்கள். இரண்டும் சுடுகின்றன என்றால் ஹீட்டர் கோருக்குக் கூலன்ட் போய் வருகிறது. குறை காற்றைத் திசைதிருப்பும் உட்கதவிலோ, அதை இழுக்கும் கேபிளிலோ, சிறு மோட்டாரிலோ இருக்கிறது. மோட்டாரின் பற்சக்கரம் உடைந்திருந்தால், குமிழைத் திருப்பும்போது டாஷ்போர்டுக்குள் டிக்டிக் என்ற ஓசை கேட்கும். ஒன்று சுட்டு மற்றொன்று வெறும் வெதுவெதுப்பாக இருந்தால், ஹீட்டர் கோர் துருவாலும் கசடாலும் அடைத்திருக்கிறது. அந்த நிலையிலும் உடனே மாற்ற வேண்டியதில்லை; இரண்டு ஹோஸ்களையும் கழற்றி, கூலன்ட் வழக்கமாகப் போகும் திசைக்கு எதிராகக் குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விட்டு அலசினால் பல வண்டிகளில் சூடு திரும்பிவிடுகிறது. அலசிய தண்ணீர் உள்ளே தங்கி உறைந்துவிடாதபடி முழுவதும் வடித்துவிட்டே புதிய கூலன்டை நிரப்ப வேண்டும். ஹீட்டர் கோரை மாற்றுவதற்குப் பல வண்டிகளில் டாஷ்போர்டையே கழற்ற வேண்டியிருப்பதால், பாகத்தின் விலையைவிடக் கூலியே பன்மடங்கு ஆகும், ஆகவே அது கடைசி வழியாக இருக்கட்டும்.

முள் நடுவுக்கு வராமல் கீழேயே நின்றாலோ, வேகமாக ஓட்டும்போது இறங்கினாலோ, தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது. என்ஜின் விளக்கு எரிந்து, பழுதுக் குறியீட்டைப் படிக்கும் கருவியில் பி0128 (P0128) என்று வந்தால் அது பெரும்பாலும் இதுவே. பழுதுகளில் இது மலிவானது. ரேடியேட்டருக்கு முன்னால் அட்டையைச் செருகி ஓட்டச் சொல்பவர்கள் இருப்பார்கள். அது பழுதை மறைத்துவிடும், வெயில் ஏறிய நாளில் என்ஜினைக் கொதிக்கவும் வைத்துவிடும். காற்று சூடாக இருந்தும் வேகம் குறைவாக வந்தால், பெரும்பாலும் கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். ஃபேன் உச்ச வேகத்தில் மட்டும் ஓடினால், அதன் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டரை மாற்ற வேண்டும்.

ஓட்டும் முறையிலும் கவனம் வேண்டும். முன்கண்ணாடிக்கு அடியில் இருக்கும் காற்று வாயில்களில் பனி அடைத்திருந்தால் ஹீட்டருக்கு வெளிக்காற்று கிடைக்காது. ஆகவே புறப்படுமுன் அதையும் வழித்துவிடுங்கள். உட்காற்றையே சுழலவிடும் பொத்தானை அழுத்தி வைத்திருந்தால் உங்கள் மூச்சின் ஈரம் கண்ணாடிகளில் படிந்து சாலையை மறைத்துவிடும். கண்ணாடியைத் தெளிவாக்கும்போது ஏசியும் கூடவே ஓடுவது பழுதன்று, ஈரத்தை உறிஞ்சுவதற்காகவே அது ஓடுகிறது. நிறுத்தியபடியே நெடுநேரம் என்ஜினை ஓடவிட்டாலும் வண்டி விரைவில் சூடாகாது. கண்ணாடி தெளிந்தவுடன் மெதுவாக ஓட்டத் தொடங்கினால்தான் சூடேறும்.

நீங்களே செய்யத் தயங்கினால், 310எஸ் உரிமம் பெற்ற மெக்கானிக் வேலை செய்யும் வேறொரு ஒர்க்‌ஷாப்புக்குப் போய், கோரை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்காமல், கூலன்ட் ஏன் குறைகிறது என்று கண்டறிந்து சொல்லுங்கள் என்று கேளுங்கள். ஒன்டாரியோ சட்டப்படி எழுத்தில் மதிப்பீடு கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்தத் தொகைக்கு மேல் 10 சதவீதத்தைத் தாண்டி உங்கள் ஒப்புதல் இல்லாமல் வாங்க முடியாது. கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேட்கலாம். புதிய பாகத்துக்கும் அதை மாட்டிய கூலிக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீட்டர் உத்தரவாதம் உண்டு. நாளைக் காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது தொட்டியிலும் ரேடியேட்டர் கழுத்திலும் கூலன்ட் எந்த அளவில் இருக்கிறது, பயணியின் காலடியில் கம்பளம் ஈரமாக இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்பதை அதை வைத்துச் சொல்கிறேன். அதுவரை கொரோலாவை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோக வேண்டாம்.