நாளை ஹாலோவீன், கையில் ஓர் இரவு: ஜாக்கெட்டுக்கு மேலே போட ஆந்தையும் எலும்புக்கூடும்

கேள்வி: டொராண்டோவில், ஸ்கார்பரோ பக்கம் இருக்கிறோம். நாளை ஹாலோவீன், பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போகும் நாள். 6 வயது மகள் ஆந்தையாகத்தான் போவேன் என்று அடம்பிடிக்கிறாள். கடையில் அவள் அளவுக்கு எதுவும் மிச்சமில்லை. 14 வயது மகன் போன வாரம் வரை வரமாட்டேன் என்றான். இன்று திடீரென்று நண்பர்களோடு கிளம்புகிறேன் என்கிறான். வீட்டில் தையல் இயந்திரம் கிடையாது. பழைய பெட்ஷீட், பழைய ஃப்ளீஸ் போர்வை, க்ளூ கன் இருக்கின்றன. நாளை மாலை 6 டிகிரி, தூறலும் உண்டு என்கிறார்கள். இன்றிரவுக்குள் என்ன செய்யலாம்?

பதில்: இரண்டு வேடத்தையும் இன்றிரவே முடித்துவிடலாம். கத்தரிக்கோலை எடுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். பிள்ளைகள் நாளை போடப்போகும் குளிர் ஜாக்கெட்டை இருவருக்கும் மாட்டிவிட்டு, எல்லா அளவையும் அதன் மேல் எடுங்கள். வீட்டுக்குள் டீ-ஷர்ட்டோடு நிற்கும் பிள்ளையை அளந்து வேடம் செய்துவிட்டு, வாசலில் குளிர் அடித்ததும் அதன் மேல் ஜாக்கெட்டைப் போட்டு மூடிவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. பட்ட பாடெல்லாம் உள்ளே மறைந்துபோகும். மகளும் அழுவாள்.

அதே அளவுக்கு முக்கியமான இன்னொன்று: எதையும் உடம்பில் சுற்றாதீர்கள், உடுப்பில் பொருத்துங்கள். அவசரத்தில் முதலில் நினைவுக்கு வருவது கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்ட பெட்ஷீட் பேய். நாலு எட்டு வைப்பதற்குள் துணி நகர்ந்து ஓட்டை காதுப்பக்கம் போய்விடும். பிள்ளைக்குப் படிக்கட்டே தெரியாது. அடுத்து வருவது டாய்லெட் பேப்பர் சுற்றிய மம்மி. தூறல் பட்டால் அது கூழாகிவிடும், பாதியில் பாத்ரூம் போகவேண்டி வந்தால் அத்தோடு வேடமும் முடிந்தது. அட்டைப் பெட்டி ரோபோ நல்ல யோசனைதான், ஆனால் நாளைய வானிலைக்கு வேண்டாம்.

மகளின் ஆந்தை

இதற்கு வேண்டியது ஓர் அரைவட்டச் சிறகும் ஒரு தொப்பியும் மட்டுமே. முகமூடி இல்லை.

ஜாக்கெட்டோடு கையை விரித்து நிற்கச் சொல்லி, பின்கழுத்தின் நடுவிலிருந்து மணிக்கட்டு வரை அளந்துகொள்ளுங்கள். 6 வயதுப் பிள்ளைக்கு ஏறக்குறைய 50 செ.மீ. வரும். கீழே உள்ள கணக்கெல்லாம் அந்த 50க்குத்தான்; உங்கள் அளவு கூடினால் எல்லாம் அதற்கேற்பக் கூடும். பெட்ஷீட்டைத் தரையில் விரித்து, ஒரு நேரான ஓரத்தின் நடுவில் நூலின் ஒரு முனையை அழுத்திப் பிடியுங்கள். மறுமுனையில் சாக்பீஸைக் கட்டி 50 செ.மீ. ஆரத்தில் அரைவட்டம் வரையுங்கள். அதே நடுப்புள்ளியில் 9 செ.மீ. ஆரத்தில் சின்ன அரைவட்டமும் வரைந்து இரண்டையும் வெட்டினால், கழுத்துப் பள்ளத்தோடு சிறகின் அடித்துணி தயார். நேரான ஓரம் இரு கைகளின் மேலும் போகும், வளைந்த ஓரம் முதுகில் தொங்கும். இடுப்புக்குச் சற்றுக் கீழே நின்றுவிடுவதால் காலில் தடுக்காது.

நேரத்தைத் தின்னும் வேலை இறகுகள்தான். ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டினால் எண்பது துண்டு போல வரும், நடு இரவாகிவிடும். அதற்குப் பதில் நாடாவாக வெட்டுங்கள். ஃப்ளீஸ் போர்வையை 9 செ.மீ. அகல நாடாக்களாக்கி, ஒவ்வொன்றின் கீழ் ஓரத்திலும் 7 செ.மீ. அகலத்தில் நாக்கு நாக்காக வளைத்து வெட்ட வேண்டும். நாக்குகளுக்கு இடையிலான வெட்டு, மேல் ஓரத்துக்கு 2 செ.மீ. மட்டும் விட்டு உள்ளே போகட்டும். வெட்டு ஆழமாக இருந்தால்தான் நேரான நாடாவை வளைத்து ஒட்டும்போது இறகுகள் விசிறிபோல் பிரிந்து நிற்கும். ஆழம் போதாவிட்டால் ஓரம் மடங்கிச் சுருங்கி, பாவாடைக் கொசுவம் போல் ஆகிவிடும். நாடாவை நாலாக மடித்து வெட்டினால் கை வலிக்காது. மொத்தம் ஐந்தரை மீட்டர் நாடா வேண்டும். ஒன்றரை மீட்டர் நீளப் போர்வையில் நாலு நாடா எடுத்தால் சரியாக இருக்கும். போர்வை ஒரே நிறமென்றால், பழுப்பு, சாம்பல் நிறத்தில் ஏதாவது பழைய ஃப்ளீஸ் சட்டையிலிருந்து ஒன்றிரண்டு வரிசை கலந்துகொள்ளுங்கள், ஆந்தைக் களை வந்துவிடும். ஃப்ளீஸும், ஃபெல்ட் என்கிற நெய்யாத தடித்த துணியும் ஓரம் பிரியாது. பருத்தித் துணியில் வெட்டினால் நூல் பிரிந்து தொங்கும். பழைய சேலையைக் கொண்டுவராதீர்கள். பாலியெஸ்டர் சேலையாக இருந்தால் சூடான பசையில் பொசுங்கிச் சுருண்டுவிடும்.

ஒட்டுவது கீழிருந்து மேலாக, ஓட்டுக்கூரை வேய்வதைப் போல. முதல் நாடாவின் மேல் ஓரம் வளைந்த விளிம்பிலிருந்து 6 செ.மீ. மேலே இருக்கட்டும், இறகின் நுனி விளிம்பைத் தாண்டி 3 செ.மீ. தொங்கும். அதற்கு மேல் 6 செ.மீ. இடைவெளியில் அடுத்தடுத்த வரிசைகள், மொத்தம் ஆறு. ஒவ்வொரு வரிசையும் முந்தையதன் ஒட்டுவாயை மறைத்துவிடும். கடைசி வரிசையின் மேல் ஓரத்தை மறைக்கக் கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு ஃப்ளீஸ் போதும்.

க்ளூ கன்னில் சூட்டைக் குறைக்கும் வசதி இருந்தால் குறைந்த சூட்டில் வையுங்கள். பசை மெல்லிய கோடாகப் போகட்டும். கட்டி கட்டியாக வைத்தால் குளிரில் விறைத்து, துணி மடங்கும்போது உரிந்துவரும். பெட்ஷீட் மெல்லியதானால் பசை ஊறித் தரையோடு ஒட்டிக்கொள்ளும், அடியில் கேக் சுடும்போது தட்டில் விரிக்கும் பேக்கிங் தாளை விரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாடாவின் இரு முனையிலும் ஊசி நூலால் இரண்டு தையல் போட்டுவிட்டால், ஓடி விளையாடினாலும் கையோடு வராது. இறகை அடுக்கித் தருவது மகளின் வேலை. பசை நீங்கள்தான் வைக்க வேண்டும். அந்தச் சூடு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டே சுடும்.

சிறகைக் கழுத்தில் கயிறு கட்டி மாட்டக் கூடாது. வேலியிலோ கதவுப் பிடியிலோ மாட்டினால் கழுத்து இறுகிவிடும். கழுத்துப் பள்ளத்தின் இரு முனைகளையும் 3 செ.மீ. வெல்க்ரோ துண்டால் சேருங்கள், இழுபட்டால் தானே விட்டுவிடும். ஜாக்கெட்டில் ஊக்கு குத்துவதும் வேண்டாம். ஒவ்வொரு ஓட்டையும் மழைநீருக்கு வழி, உள்ளே இறகு அடைத்த ஜாக்கெட்டானால் அதுவும் வெளியே வரத் தொடங்கும். மணிக்கட்டுக்கு 18 செ.மீ. எலாஸ்டிக்கை வளையமாக்கிச் சிறகின் இரு முனையிலும் தைத்துவிடுங்கள். ஜாக்கெட் கைக்கு மேல் இறுக்கமில்லாமல் நிற்க வேண்டும்.

முகத்துக்கு அவளுடைய குளிர் தொப்பியே போதும். வெள்ளை அல்லது மஞ்சள் ஃபெல்ட்டில் 8 செ.மீ. வட்டம் இரண்டு, அவற்றின் மேல் கறுப்பில் 4 செ.மீ. வட்டம் இரண்டு, நடுவில் கீழ்நோக்கி ஓர் ஆரஞ்சு முக்கோண மூக்கு. தொப்பியை அவள் தலையில் வைத்தே கண்களுக்கு இடம் குறியுங்கள். தட்டையாகக் கிடக்கும் தொப்பியில் ஒட்டினால், போட்டு இழுபட்டதும் இரண்டு கண்ணும் காதுக்குப் போய்விடும். இங்கே பசை வேண்டாம், தொப்பி நீளும்போது விட்டுப்போகும். நாலு நாலு தையல் போடுங்கள். கண் மறையாது, காது குளிராது. பள்ளிகள் பல முகமூடியை அனுமதிப்பதில்லை என்பதால் பகலுக்கும் இது பொருந்தும்.

மகனின் எலும்புக்கூடு

14 வயதில் பிள்ளைகளுக்குப் பெரிய வேடம் கூச்சம். ஒன்றுமே போடாமல் போனால் கதவைத் திறப்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். கறுப்பு ஹூடியும் எலும்பும் நடுவாந்தரமாக இருக்கும், அவனும் மறுக்கமாட்டான்.

அப்பாவுடைய பெரிய கறுப்பு ஹூடி ஒன்று எடுங்கள், ஜாக்கெட்டுக்கு மேல் போகிற மாதிரி. ஜிப் இல்லாததாக இருந்தால் நல்லது. ஜிப் இருந்தால் மார்பெலும்பு நடுவில் பிளந்துவிடும். எலும்புக்கு வெள்ளை ஹாக்கி டேப். கனடாவில் பாதி வீடுகளில் அது கிடக்கும், இல்லாவிட்டால் விளையாட்டுச் சாமான் கடையில் கிடைக்கும். அது துணி டேப், ஏறக்குறைய 2.5 செ.மீ. அகலம், கையாலேயே கிழியும், உடுப்போடு சேர்ந்து வளையும். பெயின்டர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப் குளிரில் உதிரும், டக்ட் டேப் துணியில் பிசினை விட்டுப்போகும்.

அவன் போட்டுக்கொண்டு நிற்கும்போதே சாக்பீஸால் இடம் குறியுங்கள். மேசையில் விரித்து ஒட்டினால் விலா எலும்பு வயிற்றில் வந்து நிற்கும். குறித்தபின் கழற்றி, உள்ளே ஓர் அட்டையைச் செருகிக்கொண்டு ஒட்டலாம். நடுவில் 18 செ.மீ. மார்பெலும்பு. அதன் இருபுறமும் ஐந்து ஐந்து விலா, மேலே 18 செ.மீ.யில் தொடங்கிக் கீழே 12 செ.மீ. வரை குறையட்டும், இடையே இரண்டு விரல் இடைவெளி. ஒவ்வொரு விலாவும் வெளிமுனை கொஞ்சம் கீழே சரிந்திருக்க வேண்டும். நேர்க்கோடாக வைத்தால் ஏணி போல் தெரியும். மேற்கைக்கு ஒரு பட்டை, முன்கைக்கு இரண்டு. காலுக்கும் கறுப்பு டிராக் பேன்ட்டில் அதேபோல் தொடையில் ஒன்று, முழங்காலுக்குக் கீழ் இரண்டு. எலும்பின் முனைகளில் இரண்டு சின்னத் துண்டுகளைக் குறுக்காக ஒட்டினால் மூட்டு மாதிரி தடித்துத் தெரியும். இந்தச் சின்ன வேலையில்தான் வெறும் கோடுகள் எலும்பாக மாறுகின்றன. ஒரு ரோலில் எல்லாம் முடியும்.

முதுகிலும் அதே மாதிரி ஒட்டியே ஆக வேண்டும். டொராண்டோவில் அக்டோபர் 31 அன்று மாலை 6 மணி தாண்டியதும் சூரியன் மறைந்துவிடும். மேலிருந்து கீழ்வரை கறுப்பில் நடக்கும் பையன், பின்னால் வரும் காருக்குத் தெரியவே மாட்டான். வெள்ளை டேப் ஓரளவு உதவும், ஆனால் விளக்கொளியைத் திருப்பி அடிக்காது. சைக்கிள் கடைகளிலும் ஹார்ட்வேர் கடைகளிலும் கிடைக்கும் ரிஃப்ளெக்டிவ் டேப்பை முதுகுத்தண்டாக ஒரு பட்டையும், இரண்டு குதிகாலிலும் ஒவ்வொரு துண்டும் ஒட்டுங்கள். மகளின் சிறகுக்குப் பின்னாலும் ஒன்று.

முகத்தில் கண்ணைச் சுற்றிக் கறுப்பு வேண்டுமென்றால் வீட்டில் இருக்கும் கண் மையைத் தொடாதீர்கள். சில கண் மைகளிலும் சுர்மாவிலும் ஈயம் இருப்பதாக அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்திருக்கிறது, எண்ணெய்ப் பசையால் அது கன்னமெல்லாம் வழியவும் செய்யும். முகத்துக்கென்றே விற்கும் தண்ணீரில் கரையும் ஃபேஸ் பெயின்ட் வாங்கி, இன்றிரவே முழங்கையின் உட்புறம் சிறிது தடவி வையுங்கள். காலையில் சிவப்போ அரிப்போ இருந்தால் முகத்தில் வேண்டாம். கைவினை அக்ரிலிக் பெயின்ட் எந்த நிலையிலும் தோலுக்கு ஆகாது.

மழை வலுத்தால் டாலர் கடையில் கிடைக்கும் நிறமில்லாத பிளாஸ்டிக் மழைக்கோட்டு வேடத்துக்கு மேலே போகட்டும், பெரியவர் அளவில் வாங்கி மகளுக்குக் கீழ்ப்பகுதியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். பூசணிக்காய்க்குள் மெழுகுவர்த்தி எரியும் வாசற்படிகளில் சிறகை மடக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்லித் தாருங்கள். ஃப்ளீஸ் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். உங்கள் வாசல் பூசணிக்குள் பேட்டரி விளக்கே போதும்.

வீடு திரும்பியதும், மிட்டாயைக் கொட்டி எண்ணத் தொடங்கும் முன்பே, ஹூடியிலிருந்து டேப்பை உரித்துவிடுங்கள். மெதுவாக, துணியோடு ஒட்டினாற்போல் பின்னோக்கி மடக்கி இழுத்தால் சுத்தமாக வரும். ஒரு வாரம் கிடந்தாலோ டிரையரில் போட்டாலோ பசை துணிக்குள் இறங்கிவிடும், அப்புறம் அது அப்பாவுக்குத் திரும்பாது.