நட்டுவக்காலி கொட்டினால் உயிருக்கு ஆபத்தா?

கேள்வி: மாத்தளையில் வசிக்கிறோம். விறகு எடுக்கப்போன அம்மாவுக்கு (58 வயது) பெரிய கருந்தேள் ஒன்று விரலில் கொட்டிவிட்டது. உடனே மணிக்கட்டைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினோம். இரண்டு மணி நேரத்தில் வலி தணிந்தது. இரண்டு நாளாகியும், 'இவ்வளவு பெரிய தேள், விஷம் பிறகுதான் ஏறும்' என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: இரண்டு நாள் கழித்தெல்லாம் தேள் விஷம் ஏறாது. அம்மா வழமைபோல நடமாடுகிறார் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஏற்பு (டெட்டனஸ்) தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் அதை மட்டும் போட்டுவிடுங்கள். விரல் வீங்கிச் சிவந்தால் காட்டுங்கள்.

நீங்கள் சொல்வது நட்டுவக்காலி. இந்தக் கருந்தேள்களில் சில இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. ஒரு பேரினத்துக்கு 'ஸ்ரீலங்காமெட்ரஸ்' என்றே பெயர். பார்க்கத்தான் பயங்கரம். நண்டுக்கால் போலத் தடித்த முன்பக்க இடுக்கிகளால் இரையை நசுக்கிப் பிடிப்பதால் விஷத்தை அவ்வளவாக நம்பியிருப்பதில்லை. கொட்டினால் கடுக்கும், வீங்கும், அவ்வளவுதான். அபூர்வமாகச் சிலருக்கு ஒவ்வாமை வரலாம்.

ஆளைக் கொல்லக்கூடியது வேறொன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருக்கும் சிறிய செந்தேள். இந்தியாவிலும் உள்ள இனம். மெல்லிய இடுக்கி, தடித்த வால். அதன் விஷம் உடம்பில் அட்ரினலினைக் கொட்டவைத்து இதயத்தைத் தாக்கும். கொட்டிய இடத்தில் வலி குறைவாக இருந்தாலும் உடம்பு வியர்த்துக் கொட்டும், வாந்தி வரும், கைகால் சில்லிடும், மயிர் சிலிர்க்கும், பிறகு மூச்சு வாங்கும். சிறுபிள்ளைகளுக்கு இது மிகவும் ஆபத்து. இதற்குப் பிரசோசின் என்ற மாத்திரை நன்றாக வேலை செய்கிறது. இரத்த அழுத்தத்துக்கான பழைய மருந்துதான். மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில் டொக்டர் பாவஸ்கர் 1980களில் இதைத் தேள்கடிக்குக் கொடுத்துப் பல உயிர்களைக் காப்பாற்றினார்.

ஆகவே தேளின் பருமனைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள். மேலே சொன்ன குறி ஒன்று தெரிந்தாலும் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். சிறுபிள்ளை என்றால் குறி தெரியும்வரை காத்திருக்கவே வேண்டாம்.

அப்புறம் அந்தக் கயிறு. இனிமேல் கட்டாதீர்கள். விஷம் நிற்காது, இரத்த ஓட்டம்தான் நிற்கும். கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். சோப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ்கட்டியை வைத்து, பரசிற்றமோல் கொடுத்தால் போதும். வலி தாங்க முடியாவிட்டால் ஆஸ்பத்திரியில் விரலை மரக்கவைக்க ஊசி போடுவார்கள்.

விறகை எடுக்கமுன் தடியால் தட்டச் சொல்லுங்கள். இரவில் புறஊதா டோர்ச் அடித்தால் தேள் பச்சை கலந்த நீலமாக ஒளிரும், கருந்தேளும்தான்.