கடன் வாங்கி ஏஐ சீட் வேண்டாம், கிடைத்த ஈசிஇ-யை விடாதீர்கள்

சேலம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். பையனுக்கு டிஎன்இஏ என்ற தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை கவுன்சிலிங்கில், அரசுக் கல்லூரியில் ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) ஒதுக்கீடாகியிருக்கிறது. அவருடைய அண்ணன் மட்டும் ஒரே பிடியாக, இந்தக் காலத்தில் போய் ஈசிஇ-யா, தனியாரில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ் வாங்கிப் போடு, பாதிப் பணம் நான் புரட்டித் தருகிறேன் என்கிறாராம். மீதிக்கு நகையை வைக்கணும். பையனோ வேண்டவே வேண்டாம் என்கிறான், ராத்திரியெல்லாம் பழைய லேப்டாப்பில் கறுப்பு ஸ்கிரீனைப் பார்த்துத் தட்டிக்கொண்டே இருக்கிறான், பயமாக இருக்கிறது என்கிறார்.

உங்கள் பயம் புரிகிறது அம்மா. ஆனால் ஈசிஇ சீட்டை உறுதி செய்யக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன்: அந்த ஏஐ சீட் வேண்டாம். பாடத்தின் பெயரில் ஏஐ இருப்பதால் வேலை வந்துவிடாது. நாலு வருஷ ஃபீஸ், ஹாஸ்டல், கடனுக்கு வட்டி எல்லாம் கூட்டி ஒரு தாளில் எழுதி அண்ணன் முன்னால் வையுங்கள். பாதியை அவர் தருவார், மொத்தக் கடனையும் சுமக்கப்போவது உங்கள் பையன்.

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி இருந்தது. வைஃபை ஸ்டிக் லினக்ஸில் (விண்டோஸ் மாதிரி ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம்) வேலை செய்யவில்லை, கடையில் புதுசு வாங்கச் சொன்னார்கள், இவன் உட்கார்ந்து சரி பண்ணிவிட்டான் என்று. நான் பிடித்துக்கொண்டது அந்த வரியைத்தான். என்ன பிழை வந்தது என்று கேட்டனுப்பினேன். 'டைமர்_லிஸ்ட்' என்ற ஸ்ட்ரக்சரில் (பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் படிவம் மாதிரி) 'டேட்டா' என்று ஒரு உறுப்பே இல்லை என்று, எழுதிய கோடை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் நின்றிருக்கிறது.

இதன் பின்னால் பெரிய கதை இருக்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் ஒரு டிரைவர், அதாவது ஒரு கருவியை இயக்கும் புரோகிராம், இத்தனை நேரம் கழித்து என்னைக் கூப்பிடு என்று சொல்லப் பயன்படுவது அந்த ஸ்ட்ரக்சர். கூப்பிட வேண்டிய ஃபங்ஷனின் முகவரியும் அதற்குக் கொடுக்க வேண்டிய மதிப்பும் ஒரே இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. மெமரியில் எங்கோ எழுதுவது வரம்பு மீறினால், தாக்குபவன் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடலாம். கெர்னல் பாதுகாப்பில் வேலை செய்யும் கீஸ் குக் முன்னின்று அந்த 'டேட்டா'வை எடுக்கவைத்தார். இப்போது டைமரின் முகவரிதான் ஃபங்ஷனுக்குப் போகும், அதிலிருந்து கணக்குப் போட்டு டிரைவர் தன்னுடைய ஸ்ட்ரக்சரைக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். 2018 ஜனவரியில் வந்த 4.15 பதிப்போடு பழைய முறை போய்விட்டது. நூற்றுக்கணக்கான இடங்களில் புரோகிராம் கோடு மாறியது. அதில் பலவற்றைச் செய்தது காக்சினெல் என்ற கருவி. பிரான்ஸில் ஜூலியா லாவல் குழுவினர் உருவாக்கியது, கோடின் வடிவத்தைப் பார்த்துத் தானே திருத்தும்.

பேங்க் சலானில் நடுவில் ஒரு புதுக் கட்டம் சேர்த்துவிட்டு, மனப்பாடமாக நிரப்புகிறவரிடம் சொல்லாமல் விட்டால், தொகை எழுத வேண்டிய இடத்தில் கணக்கு எண் விழும். கெர்னலில் அப்படி விழுந்தால் மெஷினே நின்றுவிடலாம். அதனால் அங்கே ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு: ஸ்ட்ரக்சரை மாற்றுகிறவரே, கெர்னலுக்குள் இருக்கும் எல்லா டிரைவரையும் திருத்திக் கொடுக்க வேண்டும். வெளியே இருக்கும் டிரைவருக்கு யாரும் பொறுப்பில்லை, உங்கள் பையன் உட்கார்ந்து சரி பண்ணியது அப்படி ஒன்றாகத்தான் இருக்கும். கெர்னலுக்குள் பகுதிகள் ஒன்றோடொன்று பேசும் இடைமுகம் மாறிக்கொண்டேதான் இருக்கும் என்று, கெர்னலைப் பராமரிப்பவர்களில் ஒருவரான கிரெக் க்ரோ-ஹார்ட்மன் கெர்னல் ஆவணத்திலேயே எழுதிவைத்திருக்கிறார். ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு புதுப் பதிப்பு வருகிறது. ஒவ்வொரு தடவையும் சிப் கம்பெனிகளிலும், கார் எலக்ட்ரானிக்ஸ் செய்கிறவர்களிடமும், ரவுட்டர் செய்கிறவர்களிடமும் தங்கள் டிரைவரைப் புதுக் கெர்னலுக்குக் கொண்டுபோக ஆள் வேண்டியிருக்கிறது. குவால்காம், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், பாஷ் எல்லாம் தென்னிந்தியாவிலேயே இருக்கின்றன. இந்த வேலைக்குச் சிப்பின் விவரத்தாளான டேட்டாஷீட் படிக்கவும் தெரியணும், சி மொழியும் வரணும். ஈசிஇ வகுப்பில் மைக்ரோகன்ட்ரோலரும் சிக்னலும் அதற்குத்தான்.

காலியிடம் வெப் வேலை அளவுக்கு இருக்காது, முதல் வேலை கிடைக்கக் கொஞ்சம் தாமதமாகலாம். அதைத் தாங்க வேண்டுமென்றால் தலையில் கடன் இருக்கக்கூடாது. அதற்காகவும்தான் நகை வேண்டாம் என்கிறேன்.

பையனுக்குச் செலவு பெரிதாக இல்லை. அந்தப் பழைய லேப்டாப்பே போதும், கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டிப் பார்க்க உதவும் க்யூஎமு இலவசம், பிறகு வசதிப்பட்டால் ராஸ்பெர்ரி பை என்ற சின்ன கம்ப்யூட்டர் ஒன்று வாங்கலாம். தம்பி, இது உனக்கு: லினக்ஸ் ஃபவுண்டேஷன் கெர்னல் பற்றி இலவசமாகவே ஒரு ஆரம்பப் பாடம் வைத்திருக்கிறது, அதை முடி. அப்புறம் கெர்னலில் இன்னும் தேறாத டிரைவர்கள் இருக்கும் 'ஸ்டேஜிங்' ஃபோல்டரில் ஒரு சின்ன டிரைவரை எடு, கோடு எழுதும் முறையில் பிழை காட்டும் செக்பேட்ச் ஓட்டு, ஒரே ஒரு திருத்தம் மட்டும் செய், வெறும் டெக்ஸ்ட் மெயிலாக அனுப்பு. திருப்பி அனுப்புவார்கள், கடுமையாகவும் பேசலாம், திருத்தி மறுபடி அனுப்பு. ஏற்றுக்கொண்டால் உன் பெயர் கெர்னலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் வரலாற்றில் நிரந்தரமாக நிற்கும், வேலை கொடுக்கிறவர் எந்த ஊரில் இருந்தாலும் திறந்து பார்க்கலாம். சர்டிஃபிகேட் கோர்ஸ் விற்கிறவர்களிடம் பணம் கட்டிவிடாதே. கல்லூரியில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்தையும் ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் விடாதே, கட்டாயப் பாடமாக இல்லாததை எலெக்டிவாகக் கேட்டு வாங்கு.

அம்மா, ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் லேப்டாப் கூடாது என்று சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் என்ன படிப்பது என்பதை அவனே முடிவு செய்யட்டும். அண்ணனிடம் நீங்களே பேசுங்கள், அவனைப் பேசவிட்டுச் சண்டையாக்க வேண்டாம். இன்றைக்கே டிஎன்இஏ தளத்தில் நுழைந்து 'அக்செப்ட் அண்ட் ஜாயின்' கொடுத்துவிடுங்கள், கெடு தாண்டினால் ஒதுக்கிய சீட் கைவிட்டுப் போகும்.