நாகேஷ் வேடங்களில் மெஹ்மூத் – கேள்வி பதில்

கே: நாகேஷ் நடித்ததையெல்லாம் இந்தியில் நகைச்சுவை நடிகர் மெஹ்மூத் செய்தார் என்கிறார்களே, எந்தெந்தப் படம்?

'எல்லாம்' இல்லை. பெரியவை மூன்று. காதலிக்க நேரமில்லை (1964) 'பியார் கியே ஜா' (1966) ஆனது. சர்வர் சுந்தரம் (1964) 'மைன் சுந்தர் ஹூன்' (1971). எதிர் நீச்சல் (1968) 'லாக்கோன் மே ஏக்' (1971). நாகேஷுக்கு முன்பே சந்திரபாபு வேடம் ஒன்றும் அவரிடம் போயிருக்கிறது: சபாஷ் மீனாவின் இந்தி வடிவம் 'தில் தேரா தீவானா' (1962). அதில்தான் ஃபிலிம்ஃபேர் துணை நடிகர் விருது வாங்கினார். பியார் கியே ஜாவுக்கு நகைச்சுவை நடிகர் விருது.

கே: காதலிக்க நேரமில்லையில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சி இந்தியில் எடுபட்டதா?

எடுபட்டது. இரண்டுக்கும் இயக்குநர் ஸ்ரீதரே. படத்தில் நாகேஷின் சினிமா கம்பெனியான ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் அங்கே வாஹ் வாஹ் புரொடக்‌ஷன்ஸ். பாலையா இடத்தில் ஓம் பிரகாஷ். பேய்க்கதைக்கு வேண்டிய சத்தமெல்லாம் சொல்பவர் வாயிலிருந்தே வரவேண்டும். ஆனால் சிரிப்பு பிறக்கும் இடம் கேட்பவரின் முகம். மேடையில் இதைச் செய்கிறவர்கள் சறுக்குவது இங்கேதான்: சொல்பவர் கத்திக்கொண்டே போவார், எதிரில் இருப்பவர் முதல் வரியிலேயே நடுங்கிவிடுவார். அப்புறம் ஏற இடமேது? பாலையாவும் ஓம் பிரகாஷும் படிப்படியாகத்தான் பயப்படுவார்கள். இன்னொன்று: 1994-ல் 'அந்தாஸ் அப்னா அப்னா'வில் மெஹ்மூத் வந்தபோதும் அவர் கம்பெனி வாஹ் வாஹ் புரொடக்‌ஷன்ஸ்தான்!

கே: முதலிலிருந்தே காமெடியா?

இல்லை. 1932-ல் பம்பாயில் பிறந்தவர். அப்பா மும்தாஜ் அலி சினிமாவில் நடனக்காரர். 'கிஸ்மத்'தில் (1943) சிறுவன், 'சிஐடி'யில் (1956) கொலைகாரன், 'பியாசா'வில் (1957) நாயகனை உதாசீனப்படுத்தும் அண்ணன்.

கே: 'படோசன்' (1968) பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. தென்னிந்தியர் என்றால் குடுமி, 'ஐயோ', உடைந்த இந்தி?

எரிச்சல் நியாயம்தான். நான்கு மொழிக்காரர்களையும் ஒரே 'மதராஸி' மூட்டையில் கட்டிய படம் அது. ஆனால் பாட்டுப் போட்டியைக் கவனியுங்கள். தென்னிந்தியப் பாட்டு வாத்தியாராக வரும் மெஹ்மூதுக்கு மன்னா டே குரல். எதிரே சுனில் தத் வாயசைக்க, மறைவிலிருந்து பாடுகிறார் கிஷோர் குமார். சங்கீதம் தெரிந்த வாத்தியார் தோற்கிறார். இரவல் குரல் ஜெயிக்கிறது. கேலி அவர்மேல் மட்டும் விழவில்லை.

கே: பிறகு ஏன் அவர் மார்க்கெட் இறங்கியது?

தனி காமெடி ட்ராக் போனதுதான் முக்கியக் காரணம். 'அமர் அக்பர் அந்தோணி' (1977) காலத்தில் கதாநாயகனே சண்டையும் போட்டுச் சிரிக்கவும் வைத்தான். இவரோ 'குவாரா பாப்' (1974) மாதிரி சொந்த இயக்கத்தில் அழுகைப் பக்கம் சாய்ந்தார். போலியோவைப் பேசிய அந்தப் படம் நல்ல படம்தான். ஆனால் பிற்காலத்தில் அழவைக்கும் ஆசை அவருக்கு அளவு மீறியது என்பது என் கணிப்பு.

கே: எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

'பாம்பே டு கோவா' (1972). மெட்ராஸ் டு பாண்டிச்சேரியின் (1966) மறு ஆக்கம். மெஹ்மூத் கண்டக்டர், தம்பி அன்வர் அலி டிரைவர், அமிதாப் நாயகன். முதலில் தமிழைப் பார்த்துவிடுங்கள். பக்கோடா காதருக்கு அடைமொழி வாங்கிக் கொடுத்த பையன், இந்தி பஸ்ஸிலும் பக்கோடா கேட்டுக் கத்துகிறான்.