எங்கள் ஊரில் பிலிம் கேமராக்காரர்களுக்கு ஒரு சின்னக் குழு தொடங்கலாமா, அல்லது ஏற்கெனவே இருக்கும் புகைப்படக் கழகத்தில் சேர்வதே போதுமா?

"என்னைத் தவிர இங்கே யாரும் பிலிம் போடுவதாகத் தெரியவில்லை" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். எந்த ஊர் என்று சொல்லவில்லை. நானாக ஊகித்துக்கொள்கிறேன். மாவட்டத் தலைநகர் அளவுக்கு ஓர் ஊர். பரணிலிருந்து மாமாவுடைய பழைய பிலிம் கேமரா, யாஷிகாவோ பென்டாக்ஸ் கே1000-ஓ இறங்கி வந்திருக்கிறது. முதல் ரோலைக் கழுவ வெளியூர் லேபுக்குக் கூரியர் போட்டிருப்பீர்கள். ஸ்கேன் வந்து சேர்வதற்குள் என்ன எடுத்தோம் என்பதே மறந்திருக்கும். ஊரில் ஒரு கழகம் உண்டு, அங்கே எல்லாரும் டிஜிட்டல். சரிதானே? தப்பென்றால் விட்டுவிடுங்கள். நான் மதுரைக்காரன், என் ஊரை வைத்துத்தான் எனக்குப் பேசத் தெரியும்.

சுருக்கமாகச் சொன்னால், கழகத்தில் சேருங்கள், அதோடு பிலிமுக்கென்று தனியாக நாலு பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த நாலு பேருக்காக வாட்ஸ்அப் குழு தொடங்காதீர்கள். ஒரு லிட்டர் டெவலப்பர் கலக்கி வையுங்கள். பிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனம் அது, இந்த ரசாயனங்களை நாங்கள் மருந்து என்போம். மருந்து ஆட்களை இழுத்து வரும்.

இனி நீளமான பதில். முதலில் கழகம். அங்கே எனக்கு நடந்ததைச் சொல்லாமல் மேலே போக மனசு வரவில்லை. கழகத்தின் பெயர் வேண்டாம், ஊரில் இருப்பவர்களுக்குப் புரியும். கறுப்பு வெள்ளைப் போட்டி ஒன்று வைத்தார்கள். யானைமலையை ஒத்தக்கடைப் பக்கமிருந்து எச்பி5 என்ற கறுப்பு வெள்ளை பிலிமில் எடுத்த படம் ஒன்றை ஸ்கேன் செய்து அனுப்பினேன். கடைசிச் சுற்று வரைக்கும் வந்தது. பிறகு ஒரு மின்னஞ்சல்: "ரா ஃபைல் அனுப்பவும். அனுப்பாதவர்களின் படம் நிராகரிக்கப்படும்." ரா என்றால் டிஜிட்டல் கேமராவில் பதிவான, கை வைக்காத மூலக் கோப்பு. நெகட்டிவைப் பட்டர் பேப்பர் உறையில் போட்டு நேரிலேயே கொண்டுபோனேன். நடுவர் அதை வாங்கி டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"இதுல எக்ஸிஃப் எங்க பாக்குறது தம்பி?" டிஜிட்டல் கேமரா படத்தோடு சேர்த்து எழுதிவைக்கும் ஸ்பீடு, அபெர்ச்சர் விவரத்தைத்தான் கேட்கிறார்.

"ஸ்பீடு, அபெர்ச்சர் எல்லாம் நோட்டுல எழுதியிருக்கேன் சார்."

"நோட்டெல்லாம் செல்லாது."

அவ்வளவுதான். ஒட்டுவேலையைக் கண்டுபிடிக்கத்தானே ரா கேட்கிறார்கள், நெகட்டிவை விடப் பெரிய ரா எது என்று வாய் வரை வந்தது, கேட்கவில்லை. அந்த நடுவர் நல்ல மனிதர், பறவைப் படங்களில் கெட்டிக்காரர். விதிமுறை எழுதியபோது பிலிம் என்று ஒன்று இருப்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை, அவ்வளவே. இத்தனைக்கும் பம்பாய், கல்கத்தா, சென்னை மூன்று ஊர்களிலும் 1850களிலேயே புகைப்படச் சங்கம் வந்துவிட்டது. ஆளுக்கொரு பெட்டியும் ரசாயனமும் வைத்துக்கொண்டு தனியாகத் திண்டாட முடியாது என்றுதான் சங்கமே பிறந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இருந்தாலும் கழகத்தை நான் விடவில்லை. உங்கள் படத்தை முகத்துக்கு நேராகக் குறை சொல்ல ஆள் வேண்டும், அது அங்கே தாராளமாகக் கிடைக்கும். ஆண்டுக் கண்காட்சிக்குச் சுவரும் கிடைக்கும். ஆனால் "ரோல் ரீலில் சிக்கிக்கொண்டது, என்ன செய்ய?" என்று கேட்டால் சிரிப்பார்கள். கழுவுவதற்காகப் பிலிமைச் சுற்றி ஏற்றும் சக்கரம்தான் ரீல்.

இப்போது மருந்துக்கு வருகிறேன். பிலிம் குழு எதனால் நிற்கிறது, எதனால் உடைகிறது என்பது இங்கேதான் இருக்கிறது. கலர் பிலிம் கழுவும் சி-41 கிட் ஒரு லிட்டருக்கு வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். பத்துப் பன்னிரண்டு ரோல் கழுவலாம். கலக்கிவிட்டால் சில வாரங்களில் கெட்டுப்போகும். ரோல் ஒன்று ஆயிரம் ரூபாயை ஒட்டி விற்கிற நாளில், தனி ஆள் சில வாரத்துக்குள் பன்னிரண்டு ரோல் எடுப்பானா? மாட்டான். மருந்து வீணாகும், காசு போச்சே என்று கேமராவைத் திரும்பப் பரணில் ஏற்றுவான். நாலு பேர் என்றால் ஆளுக்கு மூன்று ரோல், கணக்கு முடிந்தது. கறுப்பு வெள்ளையிலும் இதே கதை. 100 அடி பிலிம் டின் வாங்கி, ரோல் ரோலாகச் சுற்றித் தரும் லோடர் என்ற பெட்டியில் போட்டுச் சுற்றினால் 36 படம் எடுக்கிற ரோல் பதினெட்டு வரும், தனி ரோலாக வாங்குவதைவிட மலிவு. ஆனால் 100 அடிக்கும் ஒரே ஆள் பணம் கட்டுவது கஷ்டம். நட்பு, கலை ஆர்வம் எல்லாம் பிறகு வந்தது. இங்கே மதுரையில் எங்கள் பிலிம் குழுவை முதலில் ஒன்றாக உட்காரவைத்தது இந்தக் கணக்குதான்.

என் அப்பா கீழவாசல் பக்கம் ஸ்டூடியோ வைத்திருந்தார். டி-76 என்ற கறுப்பு வெள்ளை டெவலப்பர் பாக்கெட்டைக் காசு கொடுத்து வாங்கியதே இல்லை. கெமிக்கல் கடையில் நிறுத்து வாங்கி அவரே கலப்பார். ஒரு லிட்டருக்கு மீட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், வெங்காரம் 2 கிராம். 50 டிகிரி போலச் சுடுதண்ணீர் முக்கால் லிட்டர் எடுத்து, முதலில் ஒரு சிட்டிகை சல்பைட், அடுத்து மீட்டால். அது கரைந்து தெளிந்த பிறகுதான் மீதி சல்பைட், அப்புறம் ஹைட்ரோகுயினோன், கடைசியாக வெங்காரம், பிறகு தண்ணீர் விட்டு ஒரு லிட்டர் ஆக்க வேண்டும். வரிசை மாறி சல்பைட்டை முழுசாகக் கொட்டிவிட்டால் மீட்டால் கரையாமல் அடம் பிடிக்கும். மீட்டால் சிலருக்குக் கைத்தோலில் அரிப்பு கொண்டுவரும், கையுறை போடுங்கள். டெவலப்பரைப் பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றிப் பெயர் எழுதாமல் மட்டும் வைக்காதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள்.

அப்பா பிலிம் கழுவிய அந்த ஸ்டூடியோ டார்க் ரூம் ரொம்ப காலம் பிளெக்ஸ் சுருள் அடுக்கும் இடமாக இருந்தது. அதைக் காலி பண்ணிக் கொடுத்ததுதான் இந்தக் குழுவுக்கு நான் செய்த பெரிய காரியம். முதலில் வந்தவர் அப்பாவிடம் வேலை பார்த்த டச்சிங் அண்ணன். நெகட்டிவ் மேலேயே பென்சிலால் முகத்துத் தழும்பை மறைக்கிற வேலை அவருடையது, இன்றைக்கும் கை நடுங்காது. அடுத்து ஒரு பார்மசிக்காரத் தம்பி. அவர் கடையில் தெர்மாமீட்டரும் அளவுக் குடுவையும் வாங்கப்போய், எதற்கு என்று அவர் கேட்கப்போய் ஒட்டிக்கொண்டார். பிறகு ஒரு கல்லூரிப் பெண், எங்கள் எல்லாரையும்விட வேகமாக ரீல் சுற்றுவாள். ஊரில் யாருமே இல்லை என்கிறீர்களே, பழைய ஸ்டூடியோக்களில் போய்க் கேட்டீர்களா? பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கிற சாக்கில் போய் "அண்ணே, பழைய டேங்க், என்லார்ஜர் ஏதாச்சும் கிடக்கா?" என்று கேளுங்கள். டேங்க் என்பது பிலிம் கழுவும் மூடிய டப்பா, என்லார்ஜர் நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் அச்சிடும் கருவி. பொருள் கிடைக்காவிட்டாலும் ஆள் கிடைப்பார்.

டச்சிங் அண்ணன் பேச்சு வந்துவிட்டதால் ஒன்று சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். கல்யாண வீட்டில் போட்டோக்காரருக்குச் சாப்பாடு போடுகிற லட்சணம். யாஷிகா மேட்டில் ஒரு ரோலுக்கு 12 படம். கெட்டிமேளம் கொட்டும்போது பன்னிரண்டாவது படம் முடிந்துவிடக் கூடாது என்று விடிகாலையிலிருந்து அப்பா மனசுக்குள்ளேயே எண்ணிக்கொண்டு நிற்பார். கடைசிப் பந்தி முடிந்து, இலை எடுத்து, சமையல்காரர்கள் உட்காரும்போதுதான் "போட்டோக்காரரே, நீங்களும் உக்காருங்க" என்று குரல் வரும். பாயசம் தீர்ந்திருக்கும். ஆல்பம் வாங்க வரும்போது மட்டும் "என்னங்க, எங்க சித்தப்பா ஒரு படத்துலயும் இல்ல" என்பார்கள். இன்றைக்கும் அது மாறவில்லை, கேமராதான் மாறியிருக்கிறது. சரி, விடுங்கள்.

எங்கள் ஊர் வெயிலில் பிலிம் கழுவுவது தனிக் கூத்து. புத்தகத்தில் எல்லாம் 20 டிகிரி என்று போட்டிருக்கும். மே மாதம் மாடித் தொட்டித் தண்ணீர் 30-ஐத் தாண்டி நிற்கும். டி-76-ஐத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் எச்பி5-க்கு 20 டிகிரியில் ஏழரை நிமிடம். சூடு ஏற ஏற நேரம் குறையும், ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் படம் திட்டுத் திட்டாக வரும். அதனால் ஐஸ் கட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி மருந்துக்குள் முக்கி இறக்குவோம், மருந்துக்குச் சம அளவு தண்ணீரும் கலந்து நேரத்தை நீட்டுவோம். கலருக்கு மட்டும் எங்கள் ஊர் சாதகம். அதற்கு 38 டிகிரி வேண்டும், தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் சுடவைத்தாலே போதும்.

புதிதாக வருகிறவர்கள் அழுகிற இடம் வெளிச்சம் புகாத கறுப்புப் பை. இரண்டு கையையும் உள்ளே விட்டு, கண்ணில்லாமல், பிலிம் நுனியை ரீலில் ஏற்ற வேண்டும். ஐந்து நிமிடத்தில் பைக்குள் புழுங்கி உள்ளங்கை நனைந்துவிடும். ஈரம் பட்ட பிலிம் பிளாஸ்டிக் ரீலில் பாதி வழியில் நின்றுகொண்டு, முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. அப்போது பலம் காட்டினால் பிலிம் மடிந்து, படத்தில் பிறை மாதிரிக் கறை விழும். எங்கள் வழக்கம் இதுதான்: பிலிமை அப்படியே டேங்குக்குள் போட்டு மூடியை இறுக்கிவிட்டுக் கையை வெளியே எடு, துடை, டீ குடி, பத்து நிமிடம் கழித்துத் திரும்பப் போ. இதைச் சொல்லப் பக்கத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும். வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளலாமே என்பவர்களுக்கு ஒரே கேள்வி: இரண்டு கையும் பைக்குள் இருக்கும்போது வீடியோவை எந்தக் கையால் நிறுத்துவீர்கள்?

ஊர் சுற்றிப் படம் எடுப்பதை மருந்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வெறுமனே "ஞாயிறு காலை விளக்குத்தூண் வாருங்கள்" என்றால் முதல் வாரம் பதினைந்து பேர் வருவார்கள், பாதிப் பேர் செல்போனோடு. மூன்றாவது வாரம் நீங்களும் டீக்கடைக்காரரும்தான் இருப்பீர்கள். ஏதாவது ஒரு வேலை வைத்துக் கூப்பிட வேண்டும். லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி மதராஸ் மாகாணத்துக்காக 1858-இல் மதுரைக்கு வந்து, காகித நெகட்டிவில் தெப்பக்குளம், புது மண்டபம், திருமலை நாயக்கர் மகால் எல்லாம் எடுத்திருக்கிறார். அவர் முக்காலி நட்ட இடம் எது என்று தேடுவதுதான் எங்கள் சுற்றல். அவருடைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெப்பக்குளத்துக் கரையில் நாலடி முன்னே, நாலடி பின்னே என்று சண்டை போட்டுக்கொள்வோம். இன்னொன்று, ஏப்ரல் கடைசி ஞாயிறு உலக ஊசித்துளைப் புகைப்பட நாள். பிஸ்கட் டின்னில் ஓட்டை போட்டு உள்ளே போட்டோ பேப்பரை ஒட்டி வெயிலில் வைத்தால் படம் விழும், கேமரா இல்லாத பிள்ளைகளும் சேர்ந்துகொள்ளலாம்.

"பணக்கார விளையாட்டு", "பழம்பெருமை", "இன்ஸ்டாவுக்காக" என்று கீழே யாராவது எழுதுவார்கள் என்று தெரியும். நான் டிஜிட்டலுக்கு எதிரி இல்லை, என் மகள் பிறந்தநாளைச் செல்போனில்தான் எடுத்தேன். பிலிம்தான் உயர்ந்தது என்றும் எங்கேயும் சொல்லவில்லை. செலவு உண்மைதான், மறுக்கவில்லை. ஒருகாலத்தில் ஊட்டி இந்து நகர்த் தொழிற்சாலையிலிருந்து "இந்து" பிலிமும் பேப்பரும் வந்துகொண்டிருந்தன. 1967-இல் உற்பத்தி தொடங்கிய அந்த இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் இன்று இல்லை. இப்போது நாம் வாங்குவதெல்லாம் கப்பலிலும் விமானத்திலும் வருகிறது, விலை அப்படித்தான் இருக்கும். கோபம் வரவேண்டுமென்றால், ஊர் ஊராகப் போய்ப் பழைய ஸ்டூடியோக்காரர்களிடம் ஐந்நூறு ரூபாய்க்குக் கேமராவை வாங்கி "வின்டேஜ்" என்று பத்து மடங்குக்கு விற்கிறார்களே, அவர்கள் மேல் வரட்டும். அப்படி ஒருவர் எங்கள் குழுவுக்குள்ளும் வந்தார். டச்சிங் அண்ணனுடைய ரோலிகார்டு கேமராவுக்கு விலை கேட்ட அன்றைக்கே அனுப்பிவிட்டோம்.

காசு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். மருந்துக்கான பங்கைக் கலக்குவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள், கழுவிய பிறகு யாரும் தரமாட்டார்கள். எத்தனை ரோல் கழுவியாயிற்று என்று பாட்டில் மேலேயே கோடு போடுங்கள். கழுவிய படத்தை அழியாமல் நிறுத்தும் மருந்து ஹைப்போ; தீர்ந்த ஹைப்போவைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், அதில் வெள்ளி கரைந்திருக்கிறது. அதை வாங்குவதற்கென்றே முன்பெல்லாம் ஸ்டூடியோவுக்கும் எக்ஸ்ரே சென்டருக்கும் கேனோடு ஆள் வருவார். நாங்கள் சேர்த்துவைத்து வெள்ளி எடுப்பவரிடம் கொடுக்கிறோம். பெரிதாக ஒன்றும் தேறாது, டீச் செலவுக்கு ஆகும். தலைவர், செயலாளர் எல்லாம் வேண்டாம். சாவி யாரிடம் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

நீங்கள் மதுரைப் பக்கம் என்றால் புதிதாக ஒன்றும் தொடங்க வேண்டாம், எங்களோடு வந்துவிடுங்கள். "எந்தக் கேமரா வாங்கலாம்" என்ற கேள்வியோடு வராதீர்கள், எடுத்த ரோலோடு வாருங்கள். கறுப்பு வெள்ளை என்றால் அன்றைக்கே கழுவலாம். கலர் என்றால் காத்திருக்க வேண்டும். இப்போது ஆறு ரோல் சேர்ந்திருக்கிறது, இன்னும் நாலு வந்தால்தான் சி-41 கிட்டைப் பிரித்துக் கலக்குவோம்.