சொந்தக் குதிரையை ரைடிங் ஸ்கூல் லாயத்தில் மாதக் கட்டணத்துக்கு விடலாமா? கோவைப் பக்கம் என்ன பார்த்துச் சேர்க்க வேண்டும்?

கேள்வி கேட்டவருக்குத் திருப்பூரில் வேலை. ஊரில் தோட்டம் இருக்கிறது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. கத்தியவாரி இனக் குதிரை ஒன்று வாங்கி, கோவைப் பக்கம் ஏதாவது ரைடிங் ஸ்கூலில் விட்டுவிட்டு, லீவு நாளில் போய் ஓட்டலாமா என்கிறார்.

விடலாம். நானும் ஒரு செவலைப் பெட்டையை அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் இடம் பார்க்கப் போகிறவர்கள் மணல் மைதானத்தையும் டைல்ஸ் ஒட்டிய ஆபீஸையும் பார்த்து மயங்கி அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். மைதானம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். நீங்கள் கேட்க வேண்டியது வேறு. என் குதிரைக்கு யார், எத்தனை மணிக்கு, எதைப் போடுகிறார்? நான் இல்லாத நாளில் அதன் முதுகில் யார் ஏறுகிறார்? இந்த இரண்டுக்கும் பளிச்சென்று பதில் வராத இடம் வேண்டாம்.

முதலில் தீனி. குதிரையின் இரைப்பை அதன் உடம்புக்கு ரொம்பச் சிறியது. வயிறு காலியாக இருந்தாலும் அதில் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அதனால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக நார்த்தீனி மென்றுகொண்டிருக்க வேண்டும். 350 கிலோ குதிரை என்றால் காய்ந்த எடையில் குறைந்தது 5 கிலோவுக்கு மேல் தட்டோ புல்லோ உள்ளே போக வேண்டும். லாயத்தில் நடப்பது என்னவென்றால், காலையில் ஒரு பக்கெட், சாயங்காலம் ஒரு பக்கெட் கொள்ளும் தவிடும் வைத்துவிட்டு, நடுவில் சும்மா கட்டிவிடுவார்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றில் கோளாறு வந்தால் அது உயிருக்கே வந்த ஆபத்து. திரும்பித் திரும்பி விலாவைப் பார்க்கும், முன்காலால் தரையைப் பறிக்கும், படுத்துப் புரளும், சாணம் போடாது. இதை ராத்திரி 11 மணிக்குப் பார்க்க அங்கே ஒரு ஆள் தங்குகிறாரா என்று கேளுங்கள். சிசிடிவி இருக்கிறது என்பது இதற்குப் பதில் இல்லை.

நம்ம பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. இங்கே பசுந்தீவனம் என்றாலே கோ-4, கோ-5 மாதிரியான கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்தான். மாட்டுக்கு அருமையான புல். குதிரைக்கு அதையே மாதக்கணக்கில் போட்டால், அதிலுள்ள ஆக்ஸலேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். காங்கேயம் கொரங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) கொழுக்கட்டைப் புல்லும் இந்த விஷயத்தில் அதே ரகம். அதோடு பாஸ்பரஸ் கூடுதலான கோதுமைத் தவிடும் சேர்ந்தால் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து, நாளடைவில் முகவெலும்பு வீங்கி, நடை நொண்டும். குதிரை மசால் என்கிற தீவனப் பயிரும் தாது உப்பும் தினசரித் தீனியில் உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது கோழித்தீவனம். பல்லடம், நாமக்கல் பக்கம் இருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் சாயங்காலம் லாயத்துக்குப் போயிருந்தேன். தீவன ரூமில் கொள்ளு மூட்டை மேலேயே வேறு ஒரு மூட்டை சாய்ந்திருந்தது, தையல் பிரிந்து கொஞ்சம் கொட்டியும் கிடந்தது.

“ஏனுங்ணா, இது கோழித்தீவனமுங்களா?”

“ஆமாங் தம்பி. பக்கத்துப் பண்ணைக்கு வந்த லோடு. மழைன்னு இங்க எறக்கி வெச்சிருக்காங்க.”

பதில் சொன்ன லாயத்து ஆள் மேல் தப்பே இல்லை, யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். கறிக்கோழித் தீவனத்தில் ரத்தக்கழிச்சல் வராமலிருக்க மோனென்சின், சாலினோமைசின் மாதிரி மருந்துகளைக் கலப்பது வழக்கம். கோழி தாங்கும் அளவைக் குதிரை தாங்காது. மிகக் கொஞ்சம் போனாலே இதயத் தசை அடிபடும், முறிமருந்து கிடையாது. ஒரே தொட்டி, ஒரே முறம், ஒரே அரவை மில் இருந்தால்கூடப் போதும். கோழிப்பண்ணையும் லாயமும் ஒரே முதலாளியுடையது என்றால் தீவன ரூம் தனித்தனியாக இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

சரி, முதுகில் ஏறுகிற விஷயத்துக்கு வருகிறேன். செவலையை முதலில் விட்டிருந்த இடத்தின் பெயர் வேண்டாம். ஒரு முகூர்த்த நாளில் நண்பர் ஒருவர் வாட்ஸாப்பில் வீடியோ அனுப்பினார். மாப்பிள்ளை அழைப்பு. ஜமாப் மேளம் அடி பின்னுகிறது, ஜிகினாத் துணி போர்த்திக்கொண்டு மாப்பிள்ளையைச் சுமந்து வருவது எங்கள் செவலை! நெற்றிச் சுட்டியையும் பின்னங்காலில் ஒன்று மட்டும் வெள்ளையாக இருப்பதையும் வைத்துச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. போய்க் கேட்டால், “சும்மா நிக்கற குதிரைதானுங்களே, நாலு எட்டு நடந்தா அதுக்கும் நல்லதுங்க” என்றார்கள். அவர்கள் போட்ட சேணம் அதன் முதுகுக்குப் பொருந்தாதது. முதுகெலும்பு மேட்டில் தோல் வழண்டிருந்தது. அது ஆறும்வரை நான் ஓட்டவே இல்லை. வார நாட்களில் புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறவர்களையும் அதன் மேல் ஏற்றியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. 1872 ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், ஒருவர் பொருளை இன்னொருவரிடம் ஒப்படைப்பது பற்றித் தனி அத்தியாயமே உண்டு. ஒப்படைத்த பொருளைச் சொன்ன விதத்துக்கு மாறாகப் பயன்படுத்தினால் ஏற்படும் சேதத்துக்கு வாங்கிவைத்தவர் பொறுப்பு என்கிறது 154 ஆம் பிரிவு. அதற்குச் சட்டமே தருகிற உதாரணம் குதிரைதான்: தான் மட்டும் ஓட்டுவதாக வாங்கிய குதிரையில் தன் குடும்பத்து ஆளை ஏற்றிவிட்டு, அவர் ஜாக்கிரதையாக ஓட்டியும் குதிரை தற்செயலாக விழுந்து அடிபட்டால்கூட, வாங்கியவர் நஷ்டஈடு கொடுக்க வேண்டும். 163 ஆம் பிரிவு, மாடு ஒப்படைப்பில் இருக்கும்போது கன்று போட்டால் கன்றும் உடையவருக்கே என்கிறது. பெட்டை வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே ஆண் குதிரைகளுக்குப் பெரும்பாலும் காயடிப்பதில்லை. 11 மாதம் கழித்து யாருடைய குட்டி என்ற பஞ்சாயத்து வேண்டாம்.

ஆனால் இந்தப் பிரிவுகளை நம்பிக் கோர்ட்டுக்குப் போகச் சொல்லவில்லை. ஒரு பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். உடையவரும் அவர் பெயர் குறிப்பிட்டவரும் தவிர யாரும் ஏறக்கூடாது. கல்யாணம், ஷூட்டிங், கோயில் ஊர்வலம் எதற்கும் அனுப்பக்கூடாது. ரைடிங் ஸ்கூல்காரர் கட்டணத்தில் கழித்துக்கொண்டு வாரத்தில் இரண்டு வகுப்புக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று நேராகக் கேட்டால், அது நல்ல ஏற்பாடுதான், தாராளமாக ஒத்துக்கொள்ளலாம். எத்தனை வகுப்பு, எவ்வளவு எடையுள்ள ஆள், யாருடைய சேணம் என்பதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். கேட்காமல் எடுப்பதில்தான் எனக்குச் சண்டை.

அதே தாளில் டாக்டர் விஷயத்தையும் சேர்த்துவிடுங்கள். உங்கள் போன் எடுக்கவில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது, எவ்வளவு செலவு வரை உங்களைக் கேட்காமல் செய்யலாம் என்று. நம்ம ஊர் கால்நடை டாக்டர்கள் கைராசிக்காரர்கள், ஆனால் அவர்கள் கை பழகியதெல்லாம் மாடு, ஆடு, கோழி. குதிரை பழகிய டாக்டரின் நம்பர் லாயத்தில் சுவரில் எழுதியிருந்தால் அந்த இடத்துக்கு என் மதிப்பெண் கூடும். பெரிய சிகிச்சை என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கோவை, பொள்ளாச்சிக்காரர்களுக்குத் திருச்சூர் மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரியும் தூரமில்லை. லாடம், குளம்பு சீவுவது ஆறு வாரத்துக்கு ஒரு முறையாவது. அது கட்டணத்தில் சேர்த்தியா தனியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டெட்டனஸ், ரேபிஸ் ஊசி வருடாவருடம்.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை முடிந்ததும் லாயங்களில் புதுக் குதிரைகள் இறங்கும். சுழி பார்ப்பார்கள், பல் பார்ப்பார்கள், தாடைக்கு அடியில் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறவர்கள் கம்மி. அந்தக் கட்டி உடைந்து சீழ் வரும் நோய் பொதுத் தண்ணீர்த் தொட்டி வழியாக லாயம் முழுக்கப் பரவிவிடும். புதிதாக வரும் குதிரையை இரண்டு மூன்று வாரம் தனியாகக் கட்ட இடம் உண்டா? கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனைச் சீட்டு கேட்கிறார்களா? அது மனிதருக்கும் தொற்றும் நோய். உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்வதுதான் நடைமுறை. உங்களிடமே அந்தச் சீட்டைக் கேட்டு வாங்குகிற லாயம் என்றால் சந்தோஷப்படுங்கள். பக்கெட், பிரஷ், சேணத்துக்கு அடியில் போடும் துணி மூன்றையும் உங்கள் குதிரைக்கென்று தனியாக வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக உங்கள் தோட்டம். ஆள் கிடைத்தால் அங்கேயே வைப்பது எனக்கு இன்னும் பிடிக்கும், ஆனால் ஒற்றைக் குதிரையாக வேண்டாம். அது கூட்டத்தில் வாழ்கிற பிராணி, தனியாகக் கட்டினால் மரத்தைக் கடிக்கும், நின்ற இடத்திலேயே அசைந்துகொண்டிருக்கும். துணைக்கு ஒரு நாட்டுக் குட்டைக் குதிரையாவது வேண்டும். வேலியோரம், கிணற்று மேடு, சாளை (தோட்டத்து வீடு) வாசல் எங்கேயாவது அரளி நட்டிருந்தால் குதிரை வருவதற்கு முன்பே வேரோடு எடுத்து, வெட்டிய தழையையும் அப்புறப்படுத்திவிடுங்கள். காய்ந்த இலைக்கும் அதே விஷம் உண்டு.